நிற்கச் சொன்ன இடம்

மாலையோடு முகத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்று இன்பராஜ் சொல்லிவிட்டான். தவமணியை நாற்காலியில் உட்காரவைத்து, சோப்பு நுரையும் கலக்கி வைத்துவிட்டு, வெள்ளைத் துணியைக் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடும்போதுதான் சட்டைக்குள் கிடந்த துளசிமணி அவன் விரலில் தட்டியது. சூடு பட்டவன்போலக் கையை எடுத்துக்கொண்டான்.

"என்ன சாமி, இன்னும் கழட்டலையா? மலையிலருந்து நேத்தே வந்துட்டீங்கன்னாங்களே."

"பதினோரு மணிக்குக் குருசாமி வர்றாரு. அந்தா, அந்தப் பிள்ளையார் கோயில்ல வச்சுக் கழட்டுறேன்னாரு."

"அப்பக் கழட்டிட்டே வாங்க. நாப்பத்தெட்டு நாளா கெடந்த தாடி. இன்னும் ஒரு மணி நேரம் கெடந்தா குஞ்சா பொரிக்கப் போகுது?"

சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டான். கழுத்துத் துணியை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கச் சொல்லித் தவமணியும் கேட்கவில்லை. எழுந்து வெளியே போய் நிற்கலாம், டீ குடிக்கலாம், வீட்டுக்கே போய்விட்டுத் திரும்பி வரலாம். போடியில் ஒரு மனிதன் ஒரு மணி நேரத்தைக் கழிப்பதற்கு இடமா இல்லை? ஆனால் துணி கட்டியிருந்தது. கட்டியிருக்கிறவரை எழுந்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு சமாதானம். எதிரே ஒரு கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் மாட்டிக்கொண்ட தவமணி ஒரு ஆளாக இல்லை. தாடியும் சந்தனமுமாக ஒருவன், அவனுக்குப் பின்னால் அவன் முதுகு, முதுகுக்குப் பின்னால் மறுபடி ஒரு தாடி என்று வரிசையாக, அன்னதானத்துக்கு நிற்கிற மாதிரி, போகப் போகச் சிறுத்துக் கடைசியில் பாசிப்பயறு அளவுக்கு ஆகிப்போகிறவரை நின்றார்கள். இத்தனை பேரில் எத்தனையாவது ஆள் பன்னிரண்டு மணிக்கு எழுந்து போவான் என்று தவமணி பார்த்தான். முன்னால் இருக்கிறவன் போக மாட்டான். இவன் நல்லவன், இவன் நாற்பத்தெட்டு நாளாகக் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தவன். இரண்டாவது ஆளும் பரவாயில்லை. ஐந்தாறு ஆள் தள்ளி ஒருவன் இருந்தான், கண்ணாடியின் ரசம் போன இடத்தில் அவனுக்கு ஒரு கண் இல்லாமல் இருந்தது. அவன்தான் என்று தோன்றியது. அவன் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறான். இவர்கள் எல்லாரும் சரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் வாயைச் சும்மா அசைத்துக்கொண்டிருந்திருப்பான்.

மணி பத்து இருபது. சுவரில் கடிகாரம் இருந்தது, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் எவ்வளவு என்று வயிற்றுக்குள் ஒன்று எப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டுக்குக் கடை திறப்பார்கள். கடை என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே கடைதான், பேர் சொல்லத் தேவையில்லை. சலூனிலிருந்து ஐம்பது எட்டு வைத்தால் பிள்ளையார் கோயில். அங்கே ரோடு இரண்டாகப் பிரியும். இடது கைப் பக்கம் போனால் வீடு. வலது கைப் பக்கம் போனால் கடை, அதற்கும் அந்தப் பக்கம் பரோட்டாக் கடை, பஸ் ஸ்டாண்டு. நாற்பத்தெட்டு நாளும் தவமணி அந்த வலது பக்கத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதும் பொய். பார்த்தான், ஆனால் சும்மா பார்த்தான், ஒரு மாட்டாஸ்பத்திரியைப் பார்க்கிற மாதிரி. அதுதான் அவனுக்கே விளங்காத அதிசயம். கார்த்திகை ஒண்ணாம் தேதி சடையாண்டி குருசாமி கழுத்தில் மாலையைப் போட்ட நிமிடத்திலிருந்து அந்தக் கடை யாரோ ஒருத்தர் வீட்டுக் கடையாகிவிடும். கழற்றிய நிமிடத்தில் அவன் கடையாகிவிடும். ஏழு வருடமாக இப்படித்தான். ஏழு வருடமும் கழற்றிய அன்றைக்கே குடித்திருக்கிறான். முதல் வருடம் சாயங்காலம், அடுத்த வருடம் மத்தியானம், அப்புறம் நேரம் முன்னுக்கு வந்துகொண்டே இருந்தது. போன வருடம், போன வருடத்தைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் போடேன் இன்பராஜு."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சாமி."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. இதுவும் விளங்கவில்லை, மார்கழி மாதம், மலை ஏறும்போதுகூட இப்படி வேர்க்கவில்லை. வியர்வை பழைய ஆள், அவன் வந்தால் அவனோடு ஒருவன் வருவான், கை நடுக்கம். தவமணி துணிக்குள்ளேயே கையை விரித்துப் பார்த்தான். நடுங்கவில்லை. நடுங்காத கை அவனுக்குப் புதுசு. பெயிண்டருக்குக் கைதானே எல்லாம். சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் பார்டர் கோடு இழுக்க வேண்டும், டேப் ஒட்டாமல், ஒரே மூச்சில், சாரத்தில் நின்றுகொண்டு. காலையில் கை ஆடும். ஒரு குவாட்டர் உள்ளே போனால் நின்றுவிடும், கோடு நூல் பிடித்த மாதிரி போகும். அதனால் குடிக்கிறேன் என்று சொல்வான், அதை அவனே நம்பியும் இருந்தான், ஒரு கொத்தனார் கரண்டி எடுக்கிற மாதிரி நான் கிளாஸ் எடுக்கிறேன் என்று. குடித்ததால்தான் காலையில் ஆடுகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ஆனால் தெரிகிற இடம் வேறு, குடிக்கிற இடம் வேறு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அதை எந்த மகராசன் கட்டினானோ. மாலை போட்ட மூன்றாம் நாள் பட்டப்பகலில் பெயிண்ட் வாளிக்குள்ளிருந்து எறும்பு வந்தது. சாரை சாரையாக, சுவர் ஏறி, ப்ரைமர் அடித்த இடத்திலெல்லாம். பிரஷ்ஷால் தட்டித் தட்டி விட்டான். கூட வேலை செய்த பாண்டி கீழேயிருந்து, "என்னண்ணே, சுவத்த அடிக்கிறீங்க?" என்றான். எறும்புடா என்றான் இவன். பாண்டி ஏறி வந்து பார்த்துவிட்டு இவனைத் தோளைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போய்க் குருசாமி வீட்டில் விட்டான். உடம்பெல்லாம் உதறியது. சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே குருசாமி சரணம் சொல்லு, சரணம் சொல்லு என்றார். நாக்கு குழறியது. டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று பெண்சாதி வேலுத்தாய் அழுதாள். சாமி பார்த்துக்குவார்மா என்றார் குருசாமி. ஏழாம் நாள் கை நின்றுவிட்டது. எட்டாம் நாள் பார்டர் இழுத்தான். டேப் இல்லை, குவாட்டர் இல்லை, கோடு அப்படியே போனது. சாரத்தில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்து அழுகை வந்தது. கீழே இறங்கிப் பாண்டியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான், ஆனால் பாண்டி சிமெண்டு மூட்டைமேல் சாய்ந்து பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அவன் குடிக்க மாட்டான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. நான் உங்கள மாதிரி இல்லண்ணே, நமக்கு நாத்தமெல்லாம் ஆகாது, முதுகு வலிக்கு ரெண்டு மாத்திரை, அம்புட்டுத்தான் என்பான். ரெண்டு நாலாகி எட்டாகி இப்போது வலி இல்லாத நாளிலும் முதுகைப் பிடித்துக்கொண்டு மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்குகிறான். அதற்கு முன்னால் வேலை பார்த்த பையன் தின்னர் டப்பாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே இருப்பான். பெயிண்ட் வாசம் புடிக்கும்ணே என்பான். ஒவ்வொருத்தனும் தன்னுடையதற்கு ஒரு பேர் வைத்திருந்தான். வலி, வாசம், கை நடுக்கம். ஒருத்தனுக்கும் அதன் சொந்தப் பேர் தெரியாது, தெரிந்தாலும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டான்.

பேர் என்றதும் வேலுத்தாய் ஞாபகம் வந்தது. மற்ற நாளில் அவனைக் கூப்பிடுவதற்கு அவள் வைத்திருந்த பேர்களைச் சலூனில் வைத்து நினைக்கக்கூட முடியாது. பாதி நாள் கூப்பிடவே மாட்டாள், சுவரைப் பார்த்து, "சோறு வச்சிருக்கு" என்பாள், சுவர் வந்து சாப்பிடட்டும் என்கிற மாதிரி. மாலை போட்டதும், "சாமி, குளிக்கத் தண்ணி எடுத்து வச்சிருக்கேன் சாமி." அவனுக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். தரையில் அவன் விரிக்கிற போர்வையைக்கூட ஒரு மரியாதையோடு தாண்டாமல் சுற்றிக்கொண்டு போவாள். டீக்கடையில் சாமி, பஸ்ஸில் சாமி, வேலைக்குச் சொன்ன பில்டர் சாமி. பெற்ற மகள்கூட சாமிதான். தாரிணி. ஒன்பது வயசு. "சாமி, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க. சாமி, இந்தக் கணக்கு எப்படிச் செய்யணும். சாமி, மலையில யானை நிக்குமா." அதைக் கேட்கிறபோதெல்லாம் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்து, அடுத்த நிமிடம் அந்தக் குளிர்ச்சியே ஒரு மாதிரி அடைக்கும். ஏனென்றால் மாலைக்கு முன்னால் பத்து மாதமாக அந்தப் பிள்ளை அவனை ஒன்றுமே கூப்பிடவில்லை. அப்பா என்கிற சொல்லைச் சோற்றில் கிடக்கிற கல்லைப் போல வாயிலிருந்து எடுத்து வைத்துவிட்டது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்கும், அவனாகப் பார்க்கிறவரை நிற்கும். மாலை போட்டதும் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு சொல் கிடைத்தது, பிள்ளைக்கும் கிடைத்தது. பத்து வயசுக்குள்ள பொம்பளப் பிள்ளை மலைக்குப் போகலாம், இந்த வருசம் விட்டா அப்புறம் கெழவியாகித்தான், கூட்டிட்டுப் போறேனே என்று வேலுத்தாயிடம் கேட்டான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "குருசாமி கூட வேணா அனுப்புறேன் சாமி. ஒங்க கூட அனுப்ப மாட்டேன்" என்றாள். சாமி என்று மரியாதையாகச் சொல்லித்தான் சொன்னாள். மாலை இறங்கினால் அந்தச் சொல் போய்விடும். அப்புறம் தாரிணி எதை வைத்துக் கூப்பிடுவாள்? நேற்று வந்ததும் கழற்றியிருக்க வேண்டும், அதுதான் முறை. குருசாமி கையாலதான் கழட்டணும் என்று ஒரு நாள் தள்ளினான். இன்றைக்குப் பதினோரு மணி.

"ஒண்ணு கேக்கவா சாமி?" இன்பராஜ் பேப்பரை மடித்து வைத்தான். "நாப்பத்தெட்டு நாளு சுத்தமா இருக்க முடியுதுல்ல. அப்படியே நாப்பத்தொம்பதாம் நாளும் இருந்துட்டா என்ன? அது என்ன அம்புட்டுக் கஷ்டமா?"

"தெரியலப்பா."

"ஒங்களுக்கே தெரியலேன்னா?"

தெரியவில்லைதான். எல்லாரும் இதையே கேட்கிறார்கள், வேலுத்தாயின் அண்ணன் கேட்டான், பில்டர் கேட்டார், அவனே அவனைக் கேட்டுக்கொண்டான். சின்ன வயசில் கிணற்றில் முங்குவார்கள், யார் மூச்சடக்கி நிறைய நேரம் கிடக்கிறது என்று. தவமணிதான் ஜெயிப்பான். அடியில் போய்ப் பாசிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுவான். எப்படிடா என்றால் நூறுக்கு அப்புறம் மேலே வரலாம் என்று தெரியும், அதனால் முடிந்தது. மேலே வரவே கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் பத்து எண்ணுவதற்குள் தண்ணீரைக் குடித்துச் செத்திருப்பான். மாலையும் அப்படித்தானோ? நாற்பத்தெட்டு என்று ஒரு மேல்விளிம்பு தெரிந்ததால்தான் அடியில் கிடந்தானோ? அப்படியானால் குடிக்காமல் இருந்தவன் யார்? நானா, மாலையா, இல்லை நாற்பத்தொன்பதாம் நாள் வரப்போகிற குவாட்டரா? அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை நாள் சாமியே சரணம் என்றேனா? பதினெட்டாம்படியில் நெற்றி தட்டிக் கும்பிட்டபோது கண்ணீர் வந்ததே, அது எதற்கு வந்தது? அங்கேயே கேட்டிருக்கலாம், சாமி, இனிமே வேண்டாம் என்று. கேட்டேனா? கேட்க நினைத்தேன். பின்னால் இருந்தவன் முதுகில் தள்ளினான், போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். கேட்டு முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். இல்லை, நேரம் இருந்தது. நேரம் இருந்தும் வாய் வரவில்லை. ஐந்தாறு ஆள் தள்ளி நிற்கிறானே, ஒரு கண் இல்லாதவன், அவன் வாயைப் பொத்தியிருப்பான்.

போன வருடத்தை நினைக்க வேண்டாம் என்றால் அது போகவா செய்யும், பல் இடுக்கில் மாட்டின நார் மாதிரி நாக்கு அங்கேயேதான் போகிறது. போன வருடம் இதே நாள், குருசாமி தன் வீட்டில் வைத்துக் காலையிலேயே மாலையைக் கழற்றினார். இதே நாற்காலியில் சேவிங். வீட்டுக்குப் போனான். அரைப் பரீட்சை லீவு, தாரிணி வாசலில் இருந்தாள். வா, பரோட்டா வாங்கிட்டு வருவோம் என்று வண்டியில் ஏற்றினான். இதுவரைக்கும் வெளிச்சமாக இருக்கிறது. நீலக் கலரில் தலைக்கு பேண்டு, புதுசு. பின்னால் உட்கார்ந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள், முதுகில் அவள் மூக்கு முட்டியது. சால்னா தனியாக் கட்டச் சொல்லணும் அப்பா என்றாள். அதுதான் அந்தச் சொல்லைக் கடைசியாகக் கேட்டது. அதற்கப்புறம் பட்டி அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளைக்கு அந்தப் பக்கம் வீட்டுச் சுவர், அதில் அவன் சாய்ந்திருக்கிறான், வேலுத்தாய் முன்னால் நின்று, "புள்ள எங்க?" என்கிறாள். "எந்தப் புள்ள?" என்று அவன் கேட்டானாம். அவனுக்கு ஞாபகமில்லை. அப்படிக் கேட்டான் என்று அவள் சொன்னாள், அதற்கப்புறம் அவள் அதைச் சொல்லவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூக்கார அக்கா பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுவந்து விட்டதாம். என்னடா நடந்தது என்று ஊர் கேட்டது. பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல கைய விட்டுட்டு ஓடிருச்சு என்றான். முதல் தடவை சொல்லும்போது ஊகமாகத்தான் சொன்னான், அப்படித்தான் இருக்கும் என்று. பத்துப் பேரிடம் சொல்வதற்குள் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. தேனி பஸ் நின்றது, வெள்ளரிக்காய் விற்கிறவன் நின்றான், நீலக் கலர் பேண்டு ஆட்களுக்கு நடுவில் முங்கி முங்கிப் போனது. இப்போது கண்ணை மூடினால் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அவ்வளவு தெளிவாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது, குடித்தவனுக்கு எதுடா இவ்வளவு தெளிவாக இருக்கும்? பிள்ளையிடம் கேட்டுப் பார்த்தான். தெரியல என்றது. அடித்துவிடுவானோ என்று நினைத்து அப்படிச் சொன்னதோ, இல்லை மறந்துதான் போனதோ.

போன் அடித்தது. துணிக்குள் கையை விட்டு எடுப்பதற்குள் நின்று மறுபடி அடித்தது. குருசாமி.

"தவமணி, எங்க சின்னம்மா காலையில தவறிருச்சுப்பா. தீட்டு. நான் மாலையில கை வைக்கக்கூடாது."

தவமணிக்கு உள்ளே ஏதோ ஒன்று லேசாகியது. அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஒரு சாவுச் செய்தியில். "அப்ப நாளைக்கு... இல்ல, காரியம் முடியட்டும் குருசாமி. பதினாறு நாளு கழிச்சே கழட்டிக்கிறேன்."

"பேசாத. மலையேறி எறங்கியாச்சு, விரதம் முடிஞ்சிருச்சு. இதுக்கு மேல போட்டுக்கிட்டுத் திரிஞ்சா அது மாலை இல்ல, வேசம். ஆத்தா இருந்தா ஆத்தா கழட்டும். இல்லாத பயலுக்குப் பொம்பளப் புள்ள இருக்குல்ல? அது கையால கழட்டு. ஒன் வீட்டுல போன் பண்ணிச் சொல்லிட்டேன், புள்ள பாலோட வரும். பிள்ளையார் முன்னால நின்னு சரணம் சொல்லிக் கழட்டிப் பால்ல போடு. என்ன, கேக்குதா?"

"கேக்குது."

"தவமணி." பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. "போன வருசம் மாதிரி ஆகிறாதப்பா."

மணி பதினொன்று நாற்பது. ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. இப்போதுதானே பத்து இருபதாக இருந்தது. வேசம் என்று சொல்லிவிட்டார். இந்த வேசத்தைப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டால் என்ன, வேசம் கட்டினவன் ஆடி முடிக்கிறவரை ராசாதானே? ஆனால் எத்தனை நாளைக்கு ஆடுவது. வேலுத்தாய் எத்தனை நாளைக்குச் சாமி சாமி என்று தண்ணீர் எடுத்து வைப்பாள்? அவளுக்குத் தேவை சாமியா? அவளுக்கு என்ன தேவை என்று கேட்டு ஏழு வருடமாவது இருக்கும். சரி, இன்றைக்குக் குடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு மட்டும். நாளைக்கு ஒரு கட்டிங். இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டிங், அதுவும் வீட்டில் சொல்லிவிட்டு. பார், எப்படிப் போகிறது பார். வேண்டாம் என்றுதானே ஆரம்பித்தேன். எந்த இடத்தில் திரும்பியது? ஒவ்வொரு நினைப்பாகத் திரும்பி நடந்து பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல நினைப்பாகத்தான் இருக்கிறது, நேராகத்தான் போகிறது, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் கடை வாசல்.

கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடியில் ஒரு பாவாடை தெரிந்தது. ஒரு பாவாடை, அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. கையில் சின்னத் தூக்குச்சட்டி. சலூனுக்குள் வராமல் தாரிணி படியிலேயே நின்றாள்.

"சாமி. அம்மா பால் குடுத்துவிட்டாங்க."

இன்பராஜ் எழுந்து தவமணியின் கழுத்துத் துணியை அவிழ்த்தான். "போயிட்டு மாலையக் கழட்டிட்டு வாங்க சாமி, பளபளன்னு ஆக்கிருவோம்." பிறகு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். "என்ன பாப்பா, இன்னைக்காச்சும் அப்பா கையக் கெட்டியாப் புடிச்சுக்க. போன வருசம் மாதிரிக் கூட்டத்துல விட்டுட்டு ஓடிறாத."

தாரிணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எங்கயும் ஓடல. நிக்கச் சொன்ன எடத்துலதான் நின்னேன்."

இன்பராஜ் துணியை உதறிக்கொண்டே இருந்தான். தவமணி எழுந்தான். கால் மரத்துப்போயிருந்தது. வெளியே வெயில். ஐம்பது எட்டு. அவள் முன்னால் தூக்குச்சட்டி தளும்பாமல் நடந்தாள், இவன் பின்னால். நிற்கச் சொன்ன இடம். யார் சொன்னது? அவன் பஸ் ஸ்டாண்டைக் கூப்பிட்டுப் பார்த்தான், தேனி பஸ்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தான், வெள்ளரிக்காய்க்காரனைக் கூப்பிட்டான். எல்லாரும் வந்தார்கள், நன்றாகத்தான் வந்தார்கள், ஆனால் வந்து நின்றவர்களுக்கு நிழல் இல்லாத மாதிரி இருந்தது.

"எங்க நிக்கச் சொன்னேன்?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். கோயில் வந்ததும் நின்றாள். கோயில் என்றால் இடுப்பளவு மேடை, அதில் பிள்ளையார், பக்கத்தில் கரண்டுக் கம்பம், கம்பத்தடியில் பூக்கார அக்கா கூடையோடு உட்கார்ந்திருந்தது. தாரிணி கம்பத்தைக் காட்டினாள்.

"இங்கதான். இங்கயே நில்லு, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்னீங்க."

"பஸ் ஸ்டாண்டுல இல்லையா?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போகவே இல்ல."

பூக்கார அக்கா பூவைத் தொடுத்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னது. "நானும் உக்காரு தாயி, இந்தக் கல்லுல உக்காருன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். உக்காந்தா எங்கப்பாவுக்குத் தெரியாது, நிக்கத்தான் சொன்னாருன்னுருச்சு. பகல் பன்னண்டுலருந்து."

"நீங்க திரும்பி வண்டியில போனீங்க," தாரிணி தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்தப் பக்கமாத்தான் போனீங்க. நான் கூப்பிட்டேன்."

எப்படிக் கூப்பிட்டாய் என்று அவன் கேட்கவில்லை. அந்தச் சொல் எங்கே விழுந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. இந்தத் தார் ரோட்டில், வண்டிக்குப் பின்னால். வெள்ளைச் சுவரில் ஒரு இடத்தில் பட்டி உதிர்ந்த மாதிரி இருந்தது, அதற்குள்ளே ஞாபகம் ஒன்றும் இல்லை, அவள் சொன்னது மட்டும்தான் இருந்தது. அவன் பிள்ளையார் முன்னால் குனிந்தான். சரணம் சொன்னான், என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. குட்டி விரல்கள் கழுத்தில் ஊர்ந்தன. மாலை தாடி மயிரில் சிக்கிக்கொண்டது. இழுக்காமல் ஒவ்வொரு மயிராக எடுத்தாள், நூல்கண்டுச் சிக்கல் எடுக்கிற மாதிரி.

"வலிக்குதா?"

"இல்ல."

சாமி என்று சேர்க்கவில்லை. வேறு எதையும் சேர்க்கவில்லை. மாலை பாலில் விழுந்து முங்கியது. கழுத்து லேசாகி, லேசானது பிடிக்காமல் கை தானாக அங்கே போய்த் தடவியது. தாடி மட்டும் இருந்தது. சாமியும் இல்லை, தவமணியும் இல்லை, தாடி வைத்த யாரோ ஒருவன் முச்சந்தியில் நிற்கிறான். அப்போது வலது கைப் பக்கம் இரும்பு ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. பாதியில் ஒரு முறை சிக்கி, உதை வாங்கி, மறுபடி ஏறியது. எங்கே சிக்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். வாயில் எச்சில் ஊறியது. அவன் ஊறச் சொல்லவில்லை. சேவிங் பண்ண வேண்டும் என்று ஞாபகம் வந்தது. நியாயமான நினைப்பு. இன்பராஜ் காத்துக்கொண்டிருப்பான், நுரை காய்ந்துவிடும். தாடியோடு வீட்டுக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? பிள்ளையை ஏன் சலூனுக்கு இழுத்தடிக்க வேண்டும், இங்கேயே நிற்கட்டும், அக்கா இருக்கிறது, ஐந்து நிமிடம்தான். நல்ல நினைப்புதான். நேராகத்தான் போகிறது. பரோட்டா வாங்கக் கிளம்பினதும் இப்படித்தான் நேராகப் போயிருக்கும். எது சேவிங்குக்குப் போகிற நினைப்பு, எது சேவிங் வேசம் போட்டுக்கொண்டு வந்த நினைப்பு, இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே தாடி, கண்ணாடியில் நின்ற வரிசை மாதிரி. தரம் பிரிக்க முடியவில்லை. அவன் வாயைத் திறந்துவிட்டான். "இங்கயே," என்று சொல்லியும்விட்டான்.

தாரிணியின் முகம் மாறவில்லை. கால் மட்டும் நகர்ந்தது. தூக்குச்சட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கம்பத்துப் பக்கமாக ஓர் எட்டு வைத்து, அங்கே நின்றுகொண்டாள். பழகின இடத்தில் நிற்கிற மாதிரி.

"இங்கயே," என்றான் மறுபடி. "இங்கயே நான் நிக்கிறேன். நீ வீட்டுக்குப் போயி அம்மாவக் கூட்டிட்டு வா."

"அம்மாவயா? எதுக்கு?"

"எனக்குத் தனியா வரத் தெரியல. அம்மாவ வரச் சொல்லு. குருசாமிக்கு எழவு வீடு, இல்லேன்னா அவரக் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரிக்கு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லு. அப்படியே சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள். வலது கைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு கம்பத்தடியிலிருந்து விலகி இடம் விட்டாள். அவன் போய் அங்கே நின்றான்.

"எம்புட்டு நேரமாகும் ஒனக்கு?"

"அஞ்சு நிமிசம்," என்றாள் தாரிணி. "எங்கயும் போயிறாதீங்க."

பால் தளும்பத் தளும்ப இடது கைப் பக்கம் ஓடினாள். முனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் கையைத் தூக்கிக் காட்டினான். ஆள் மறைந்துவிட்டாள். கடைப் பக்கமாக இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள், அதில் ஒருவன் தெரிந்தவன், "என்ன சாமி, கழட்டியாச்சா?" என்று சிரித்துவிட்டுப் போனான். கம்பம் வெயிலில் சூடாக இருந்தது. தவமணி அதைப் பிடித்துக்கொண்டான்.

பூக்கார அக்கா கூடையை நகர்த்தியது. "உக்காருய்யா, இந்தக் கல்லுல. வெயிலு மண்டையப் பொளக்குது."

"இல்லக்கா," என்றான். "நிக்கிறேன்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.